எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஆனியன் ரிங்

(நம் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேசையில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டிதான் ஏர் ஃப்ரையர். நீங்கள் வந்திருப்பது என் பேச்சைக் கேட்க அல்ல, இதிலிருந்து வரப்போகும் ஆனியன் ரிங்கைச் சாப்பிடத்தான் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை. ஆனால் அதற்கு முன் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் சி பிளாக் தரைத்தளத்து ஆன்ட்டி வீட்டு சிங்க் வழியாகக் கழிவுநீர் பொங்கியது பலருக்கு நினைவிருக்கும். மேல் மாடிகளில் யார் பாத்திரம் கழுவினாலும் அந்தத் தண்ணீர் அவர் சமையலறைத் தரையில் வந்து நின்றது. எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். இரண்டு நாள் வாளியும் கையுமாக நின்றார். மழைத் தண்ணீர்தான் எதிர்த்து வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். பிளம்பர் குழாயைக் கழற்றியபோது உள்ளே இருந்தது வேறு. சவுக்காரக் கட்டி மாதிரி இறுகிப்போன எண்ணெய். அதில் தேங்காய் நார், சோற்றுப் பருக்கை, டீத்தூள் எல்லாம் ஒட்டியிருந்தன. குழாயின் வாய் விரல் நுழையும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது.

அந்த எண்ணெயில் என் பங்கு கணிசமானது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை தோறும் பஜ்ஜி, பக்கோடா, இல்லையென்றால் பிள்ளைகளுக்காக ஆனியன் ரிங். பொரித்து முடித்ததும் மிச்ச எண்ணெயில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து சிங்கில் ஊற்றிவிடுவேன். வெந்நீர் ஊற்றினால் போய்விடும் என்று நம்பினேன். போகத்தான் செய்கிறது. மூன்றாம் மாடியிலிருந்து கிளம்பிக் கீழே போகப்போக ஆறுகிறது, ஆறியதும் குழாயில் படிகிறது. நான் ஊற்றியதை ஆன்ட்டி துடைத்திருக்கிறார்.

அவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "தாராளமா சொல்லும்மா, ஆனா முதல் தட்டு எனக்கு" என்றார்.

சரி, வெங்காயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டியை வாங்கிய முதல் வாரமே நான் செய்த காரியம், வழக்கமான பஜ்ஜி மாவைக் கரைத்து, வெங்காய வளையத்தை முக்கி, கூடையில் போட்டதுதான். பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால் மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாக அடியில் சொட்டி, அங்கே அடையாக வெந்திருந்தது. மேலே வெங்காயம் பாதி நிர்வாணமாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விலைச்சீட்டை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். உங்களில் நான்கைந்து பேர் வீட்டிலும் இதே கதை நடந்து, பெட்டி பரணுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இன்று பேசுவதே அவர்களுக்காகத்தான். தவறு பெட்டியிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. பெயரில் இருக்கிறது.

ஏர் ஃப்ரையர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, அவ்வளவுதான். சூடான காற்றைச் சின்ன இடத்துக்குள் வேகமாகச் சுழற்றும் ஒரு குட்டி அவன். 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகுதான் இந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது.

எண்ணெய்க்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே வீட்டில் உணர்ந்திருப்பீர்கள். 180 டிகிரி சூட்டில் இருக்கும் அவனுக்குள் ஒரு விநாடி கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே சூட்டில் எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தாலே கொப்புளம். எண்ணெய் சூட்டை அவ்வளவு வேகமாகக் கடத்துகிறது. அதனால்தான் பஜ்ஜி மாவு எண்ணெயைத் தொட்ட கணமே உறைந்து ஓடாகிறது. காற்றில் அந்த வேகம் கிடையாது. மாவு உறைய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் ஈர்ப்பு விசை தன் வேலையைச் செய்துவிடுகிறது.

ஆகவே ஈர மாவு வெளியே இருக்கக் கூடாது. வெளியே இருப்பது ஏற்கெனவே காய்ந்த, ஏற்கெனவே எண்ணெய் தடவிய, ஏற்கெனவே பாதி சிவந்த ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் பிரெட் தூள். இந்த ஒன்று பிடிபட்டால் மிச்சம் எல்லாம் கைவேலை.

பிரெட் தூளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு நாள் பழைய பிரெட் ஆறு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பவுடராக்கிவிடாதீர்கள். ரவையைவிடப் பெரிதாக, கொரகொரவென்று இருக்க வேண்டும். ஒன்றரைக் கப் வரும். வாணலியில் மூன்று டீஸ்பூன் எண்ணெய் விட்டு, இந்தத் தூளைப் போட்டு, கொஞ்சம் உப்பும் சேர்த்து, சிறு தீயில் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெளிர் பொன்னிறம் வரும். அங்கேயே இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே என்று நினைத்தால், பெட்டிக்குள் போய் அது கருகும். இறக்கித் தட்டில் பரப்பி ஆற விடுங்கள்.

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வெள்ளைத் தூளைப் புரட்டி, மேலே எண்ணெய் தெளித்தால், அங்கங்கே சிவந்து அங்கங்கே வெள்ளை மாவாக, தேமல் விழுந்த மாதிரி இருக்கும். நான் முழுதாக ஒரு மாதம் அந்தத் தேமல் வளையங்களைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கடையில் விற்கும் ரஸ்க்கைப் பொடித்துப் போடலாமா என்று ஏ பிளாக்கில் ஒருவர் வாட்ஸாப்பில் கேட்டிருந்தார். போடலாம், ஆனால் ரஸ்க்கில் இனிப்பு இருக்கிறது, சீக்கிரம் கறுக்கும். அதை வறுக்க வேண்டாம், எண்ணெயை மட்டும் பிசிறிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெங்காயம். நமக்குப் பல்லாரி வெங்காயம்தான். சாம்பார் வெங்காயத்தில் வளையம் எடுக்க முயன்றால் அது தியானம். கையில் எடுத்தால் கனமாக, கழுத்துப் பக்கம் இறுகி, தோல் சரசரவென்று காய்ந்திருப்பதாகப் பார்த்து இரண்டு பெரியது எடுங்கள். புது வெங்காயம் வரும் காலத்தில் ஈரம் அதிகமாக இருக்கும், மொறுமொறுப்பு சீக்கிரம் போய்விடும். எப்படியும் வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். நாம் செய்யும் அத்தனை வேலையும் அந்தத் தண்ணீரோடு நடத்தும் பேச்சுவார்த்தை.

ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறுக்காக நறுக்குங்கள். சுண்டுவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். மெல்லியதாக நறுக்கினால் உள்ளே வெங்காயமே இல்லாமல் பிரெட் வளையம் சாப்பிடுவீர்கள். தடித்தால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நறநறக்கும். வளையங்களைப் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். காரம் கொஞ்சம் இறங்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரி மெல்லிய சவ்வு நெகிழும். நகத்தால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் முழுதாக வந்துவிடும். ஓட்டலில் ஆனியன் ரிங் கடிக்கும்போது வெங்காயம் மட்டும் உருவிக்கொண்டு வாய்க்கு வந்து, ஓடு கையில் நிற்குமே, அதற்குக் காரணம் இந்தச் சவ்வுதான். வழுவழுவென்று இருப்பதால் மாவு அதில் பிடிப்பதில்லை. பொறுமை இல்லாதவர்கள் பெரிய வளையங்களுக்கு மட்டுமாவது செய்யுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை பிள்ளைகளுடையது, சவ்வைக் கிழியாமல் எடுப்பதில் அவர்களுக்குள் போட்டி.

நடுவில் மிஞ்சும் குட்டி வளையங்களை வீணாக்க வேண்டாம், ராத்திரி சட்னிக்கு ஆகும்.

பிறகு தண்ணீரை வடித்து, பருத்தித் துண்டில் பரப்பி நன்றாக ஒற்றுங்கள். ஒற்றுங்கள் என்றால் ஒரு தடவை தொட்டுவிட்டு எடுப்பதல்ல, துண்டு நனைய வேண்டும். இந்த இடத்தில் வெங்காயத்தின் மேல் உப்புப் போட்டுவிடாதீர்கள். உப்பு பட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். உப்பு மாவில் மட்டும்.

மாவுக்கு அரைக் கப் மைதா, கால் கப் கார்ன்ஃப்ளார், முக்கால் டீஸ்பூன் உப்பு, முக்கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகுத்தூள். இதில் மூன்று டேபிள்ஸ்பூனைத் தனித் தட்டில் உலர்ந்தபடியே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தைப் புளிக்காத மோர் விட்டுக் கரையுங்கள். தோசை மாவுப் பதம். முக்கால் கப் மோரைக் கையருகே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், முழுதும் தேவைப்படாமல் போகலாம். முட்டை சேர்ப்பவர்கள் ஒரு முட்டையை அடித்துச் சேர்த்து மோரைக் குறைத்துக்கொள்ளலாம், பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். இன்று செய்திருப்பது முட்டை இல்லாதது, எல்லோரும் சாப்பிடலாம்.

முதலில் உலர்ந்த மாவில் புரட்டி உதறுங்கள். அடுத்து கரைத்த மாவில் முக்கி, ஒரு குச்சியிலோ முள்கரண்டியிலோ மாட்டித் தூக்கி, சொட்டுவது நிற்கும் வரை பிடியுங்கள். கடைசியாக பிரெட் தூளில் வைத்து, மேலே தூளை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு. இரண்டையும் கலந்தால் விரல்கள்தான் மொறுமொறுவென்று ஆகும். அழுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒட்டாத தூளை விசிறி தூக்கி மேலே கம்பிச்சுருளில் அடிக்கும், அங்கே கருகிப் புகை நாற்றம் வரும்.

புரட்டிய வளையங்களைத் தட்டில் அடுக்கி, இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். போடட்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் மாவு இறுகி, தூள் அதில் பதிகிறது.

இப்போது பெட்டி. 190 டிகிரியில் மூன்று நிமிடம் வெறும் கூடையைச் சூடாக்குங்கள். கூடையில் எண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. அழுத்தினால் புகையாக வரும் டப்பா ஸ்ப்ரே வேண்டாம், அது கூடையின் பூச்சில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு பிறகு போவதே இல்லை. வளையங்களை ஒரே அடுக்காக, ஒன்றை ஒன்று தொடாமல் வையுங்கள். பெரிய வளையத்துக்குள் சின்னதை வைத்தால் இடம் மிச்சம். ஒன்றின் மேல் ஒன்று குவித்தால் காற்று புகாது, நடுவில் இருப்பவை ஆவியில் வெந்து இட்லியாகும். கூடையில் விரிக்க என்று காகிதம் விற்கிறார்களே, அதையும் இதற்கு விரிக்காதீர்கள், அடிப்பக்கம் நமுத்துப் போகும்.

ஆறு நிமிடம் வரை திறக்கவே கூடாது. அதற்குமுன் திருப்பினால் ஓடு பெயர்ந்துவிடும். ஆறாவது நிமிடத்தில் இடுக்கியால் திருப்பி, இன்னும் மூன்று அல்லது நான்கு நிமிடம். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு குணம், முதல் ஈட்டில் கூடவே நின்று பாருங்கள். பொன்னிறம் போதும். மாவுப் பண்டத்தைக் கறுகறுவென்று சிவக்க விடுவது ருசிக்கும் நல்லதல்ல, உடம்புக்கும் நல்லதல்ல. எடுத்ததைக் கம்பி வலைத் தட்டில் வையுங்கள். ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும், அவ்வளவு பாடும் வீண். எல்லா ஈடும் முடிந்ததும், ஆறியவற்றை 200 டிகிரியில் இரண்டு நிமிடம் காட்டினால் மறுபடி உயிர் பெறும்.

இரண்டு வெங்காயத்துக்கு மொத்தம் நான்கு டீஸ்பூன் எண்ணெய் செலவு. வாணலியில் பொரிக்க அரை லிட்டராவது ஊற்றியிருப்பேன். முக்கியமாக, கடைசியில் ஊற்றிக் கொட்ட எதுவும் மிஞ்சவில்லை.

நடுவில் ஒரு கேள்வி வந்தது, கடலை மாவில் செய்யக் கூடாதா என்று. நானும் விடாமல் முயன்றேன். மேலே பிரெட் தூள் இருந்தால், உள்ளே மைதாவுக்குப் பதில் கடலை மாவு வைக்கலாம், கொஞ்சம் ஓமமும் போட்டால் வாசனை நன்றாகவே இருக்கும். ஆனால் பஜ்ஜி வராது. பஜ்ஜியின் அந்த உப்பலும் எண்ணெய்க் கமகமப்பும் காற்றில் வரவே வராது, வரும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். மழை நாளில் பஜ்ஜி வேண்டுமென்றால் எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுங்கள், நானும் மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். சின்னச் சட்டி, கொஞ்சமாக எண்ணெய், நான்கு நான்காகப் போட்டு எடுப்பது.

காற்றில் செய்தது என்பதற்காக இது மருந்தாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் என்றால் சுமார் 120 கலோரி, அது மிச்சமாவது உண்மைதான். ஆனால் மைதாவும் பிரெட்டும் உப்பும் அப்படியேதான் இருக்கின்றன. என் வீட்டுக்காரருக்கு இரத்த அழுத்தம். முதல் மாதம் "எண்ணெயே இல்லையே" என்று இரண்டு தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு ஆறு வளையம், எண்ணித்தான் வைக்கிறேன்.

அந்த மாதாந்தர பஜ்ஜி எண்ணெயை என்ன செய்வது? ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று நமக்குத் தெரியும். கடைகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது. எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்று சொல்லப்படுபவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த வரம்பு 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதே ஆண்டு, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் ரூகோ திட்டத்தையும் அந்த ஆணையம் தொடங்கியது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. கறுத்தாலோ, நுரைத்தாலோ, சீக்கிரம் புகைந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஆற வைத்து, வடிகட்டி, பழைய பாட்டிலில் ஊற்றி, சங்க அலுவலக வாசலில் வைத்திருக்கும் கேனில் கொண்டுவந்து சேருங்கள். சட்டியில் ஒட்டியிருப்பதைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். இந்தக் கடைசி வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, குழாயைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று, மின்சாரம். இந்தப் பெட்டி 1500 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஆறரை ஆம்பியர் இழுக்கிறது. மிக்ஸி மாட்டும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. ஆகவே 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. இதுவும் பட்டுத் தெரிந்ததுதான். டைனிங் டேபிளில் வைத்துச் செய்தால் வசதி என்று எக்ஸ்டென்ஷன் இழுத்தேன். மூன்றாவது ஈட்டில் வந்த வாசனை வெங்காயத்துடையது அல்ல. பாக்ஸின் ஒரு மூலை உருகி, மேசைத் துணியில் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதே பெரிய பிளக்கில் மல்ட்டி பிளக் போட்டுக் கெட்டிலையோ மைக்ரோவேவையோ சேர்த்து ஓட்டாதீர்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முயற்சி செய்யவும் வேண்டாம். பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வெளியே வரும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, திரைச்சீலைக்குக் கீழே இல்லாமல் வையுங்கள். கரண்ட் செலவைக் கேட்டால், நான்கு ஈடு போட்டாலும் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

கழுவுவது சுலபம். ஆறியதும் கூடையில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற வைத்து, மெல்லிய ஸ்பாஞ்சால் தேய்த்தால் போதும். கம்பி நார் பட்டால் பூச்சு போயிற்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் சொல்லாமல் விட்டு ஒரு கூடையைப் பறிகொடுத்தேன்.

பெட்டியைப் பரணில் வைத்திருப்பவர்கள் அதை இறக்கினால், முதல் தடவை செய்யும்போது என்னைக் கூப்பிடுங்கள். சி பிளாக் மூன்றாம் மாடி. சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் எப்போதும் வீட்டில்தான் இருப்பேன். பிரெட் தூளை வறுத்து ஆற வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் கூடுதலாக வைத்திருக்கிறேன், ஒரு கப் எடுத்துப் போகலாம்.

மணி அடித்துவிட்டது. முதல் ஈடு தயார். கூடையை நானே வெளியே எடுக்கிறேன், பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பயங்கரச் சூடு. பக்கத்தில் புதினாத் தயிர்ச் சட்னி இருக்கிறது. ஆன்ட்டி, தட்டை நீட்டுங்கள்.